மடுவத்துத் தராசும் விடுவிக்கப்பட்ட நினைவகமும்

அட்டனில் ஒரு சிறு மென்பொருள் பணிமனையில் நான் பார்த்த வேலைகளுள் இன்றும் மனத்தை விட்டு அகலாதது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசு ஒன்றைக் கணினியோடு பேசவைக்கும் லினக்ஸ் டிரைவரில் இருந்த கோளாறைத் தேடிய வேலைதான். தராசு காட்டும் நிறையை ஒரு சிறு கணினிப் பலகை யூஎஸ்பி வழியாக வாங்கி, கொழுந்து பறித்தவரின் இலக்கத்தோடு சேர்த்துப் பதியும். சில நாள்களில் நிறுவை நடந்துகொண்டிருக்கும்போதே லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் நிலைகுலைந்து, பலகை ஐந்து விநாடிகளில் தானாக மறுபடி இயங்கத் தொடங்கும். அதற்குள் கடைசியாகக் கொழுந்து நிறுத்த ஓரிருவரின் பதிவு அழிந்துபோயிருக்கும்.

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இது சிறு விடயமாகத் தோன்றலாம். நாளுக்கென்று வரையறுத்த கிலோ குறைந்தால் முழுநாள் சம்பளமான முழுப்பேர் விழாது, பாதியான அரைப்பேர்தான். நான் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவன். நனைந்த படங்குச்சாக்கை வாசலில் அவிழ்த்துப் போட்டபடி, "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று அம்மா சொன்ன மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. அழிந்துபோன ஒரு வரிப் பதிவு எந்த வீட்டு அடுப்பைத் தொடும் என்பது எனக்குத் தெரியும்.

முதல் நாள் மடுவத்தில் கணக்கப்பிள்ளை ஒன்று சொன்னார்: "தம்பி, லைட்டு ஒருக்கா மங்குச்சு, அப்பதான் இது நின்னுச்சு." அதை நான் அப்போதே ஊன்றிக் கேட்டிருக்க வேண்டும். பலகைக்கு பேட்டரி இருந்ததால், மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணி விட்டுவிட்டேன். தராசுக்கு பேட்டரி இல்லை என்பதும், மின்சாரம் தடுமாறும் ஒவ்வொரு முறையும் அது யூஎஸ்பியிலிருந்து கழன்று மீண்டும் இணைகிறது என்பதும் எனக்குப் பின்னரே உறைத்தன.

கேர்னல் விழும் கணத்தில் எழுதும் கடைசி வரிகள் நினைவக அட்டைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே பலகையின் தொடர் முனையத்தை மடிக்கணினியோடு இணைத்து, விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் எல்லாவற்றையும் பதியவிட்டு மடுவத்திலேயே காத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை, மழையோடு மின்சாரம் தடுமாறியபோது, கேர்னல் எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டும் தடம் கிடைத்தது. ஆனால் அந்தத் தடத்தில் எங்கள் டிரைவரின் பெயரே இல்லை. விழுந்த இடம் கேர்னலின் டைமர்ப் பகுதி. எண்ணற்ற கணினிகளில் ஓடும் அந்தப் பகுதியைச் சந்தேகித்து இரண்டு நாள்களைச் செலவிட்டேன். எங்கள் டிரைவரின் சில நூறு வரிகளை முதலில் படித்திருந்தால் அந்த இரண்டு நாள்களும் மிஞ்சியிருக்கும்.

அடுத்து, விடுவிக்கப்படும் நினைவகத்தை ஓர் அடையாள எண்ணால் நிரப்பிவைக்கும் வசதியைக் கேர்னலில் இயக்கினேன். மறுமுறை விழுந்தபோது செயலியின் ஒரு ரெஜிஸ்டரில் 6பி என்னும் பதினறும எண் எட்டு முறை வரிசையாக நின்றது. விடுவித்த நினைவகத்தில் கேர்னல் எழுதிவைக்கும் முத்திரை அது. கைவிட்டுப்போன இடத்தை யாரோ இன்னும் தம்முடையது என்று எண்ணித் தொடுகிறார்கள் என்பது அந்த ஒரு வரியில் விளங்கிற்று. பணிமனைக்குத் திரும்பி, 2015 இல் லினக்ஸ் 4.0 உடன் வந்த காசான் என்னும் சோதனைக் கருவியோடு கேர்னலைக் கட்டி, தராசின் மின்செருகியைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிப் பார்த்தேன். அந்த நினைவகத்தை ஒதுக்கிய இடத்தையும் விடுவித்த இடத்தையும் காசான் பெயரோடு காட்டியது. இரண்டும் எங்கள் டிரைவரிலேயே இருந்தன.

தராசிடம் நிறையைக் கேட்பதற்கென, தன்னைத்தானே மீண்டும் வரிசையில் போட்டுக்கொள்ளும் ஒரு பணி டிரைவரில் இருந்தது. தராசு கழன்றதும் டிரைவர் அந்தப் பணியை இரத்துச் செய்தது உண்மைதான். ஆனால் அதற்கு அழைத்திருந்த சார்பு, அதாவது அந்த நிரல் துண்டு, வரிசையில் காத்திருக்கும் பணியை மட்டுமே நீக்கும். அக்கணம் ஓடிக்கொண்டிருக்கும் பணி முடியும்வரை காத்திருக்காது. ஓடிக்கொண்டிருந்த பணி அடுத்த முறைக்கு டைமரை வைத்துவிட்டு முடிய, டிரைவர் நினைவகத்தை விடுவிக்க, சற்றுப் பின்னர் டைமர் அந்த வெற்றிடத்தில் கால்வைத்தது. எப்போதாவது மட்டும் விழுந்ததற்குக் காரணம் இந்தக் குறுகிய இடைவெளிதான்.

காத்திருக்கும் சார்பாக மாற்றினேன். நான்கு நாள் நிம்மதியாக ஓடி, மீண்டும் விழுந்தது. அந்த இரவு நான் தூங்கவில்லை. இரத்துச் செய்தபின் யூஎஸ்பிக் கோரிக்கையை நிறுத்தியபோது, கோரிக்கை முடிந்ததும் இயங்கும் அதன் நிறைவுச் சார்பு பிழைக்குறியைப் பாராமலே அதே பணியை மறுபடி வரிசையில் போட்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். கோரிக்கையை மறுபடி அனுப்ப முடியாதபடி முதலில் முடக்கி, அதன்பின் பணியை இரத்துச் செய்து அது முடியும்வரை காத்திருந்து, கடைசியாகவே நினைவகத்தை விடுவிக்கும்படி வரிசையை மாற்றி எழுதினேன். மாறியவை மூன்றே வரிகள்.

தென்மேல் பருவமழை இறங்கிய ஒரு மாலை அதே மடுவத்தில் நின்றிருந்தேன். விளக்கு மங்கியது, தராசின் எண்கள் அணைந்தன. கூடையைத் தராசில் வைத்திருந்த அக்கா என்னைத்தான் பார்த்தார். எண்கள் மீண்டும் எரிந்தன. அவருக்கு முன் நிறுத்தவரின் நிறை திரையில் அப்படியே இருந்தது. கணக்கப்பிள்ளை திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.