பழைய லாக்ஃபைலை அழிக்காமல் ஒரு ப்ராஜெக்டை ஓட வைத்த கதை

வேறொரு டீம் விட்டுப்போன ரியாக்ட் ப்ராஜெக்ட் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. ப்ரொடக்ஷனில் (பயனர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வரில்) ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எங்கள் யாருடைய மெஷினிலும் பில்ட் ஆகவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: "நோட்_மாட்யூல்ஸையும் பேக்கேஜ்-லாக்.ஜேசனையும் அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க."

நோட்_மாட்யூல்ஸ் என்பது ப்ராஜெக்டுக்காக இறக்கிய பேக்கேஜ்கள், அதாவது பிறர் எழுதிய கோடுகள், இருக்கும் ஃபோல்டர். பேக்கேஜ்-லாக்.ஜேசன்தான் லாக்ஃபைல்; எந்த பேக்கேஜில் எந்த வெர்ஷன் இறங்கியது என்று குறித்து வைத்திருப்பது அதுதான். அதில் கைவைக்க எனக்கு மனமில்லை. எந்த பேக்கேஜ்கள் வேண்டும் என்று சொல்லும் பேக்கேஜ்.ஜேசனில் ஒன்றுக்கு ^4.17.1 என்று இருந்தால், அதிலிருந்து 5.0.0-க்கு முன்னால் வரும் எந்த வெர்ஷனும் இறங்கலாம். ப்ரொடக்ஷனில் இருப்பது அதில் எது என்பதற்கு லாக்ஃபைலைத் தவிர எங்களிடம் வேறு ஆதாரம் இல்லை. அதை அழித்தால் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் ஒரே அடியில் மாறிவிடும். அப்புறம் ஏதாவது உடைந்தால் காரணம் தேடி மாளாது.

அதனால் பேக்கேஜ்களை இறக்கும் கருவியான என்பிஎம்மில் 'என்பிஎம் சிஐ' கமாண்டைத்தான் ஓட்டினேன். 2018-இல் வந்தது இது. நோட்_மாட்யூல்ஸை முழுக்கத் துடைத்துவிட்டு, லாக்ஃபைலில் இருப்பதை மட்டும் இறக்கும். பேக்கேஜ்.ஜேசனோடு லாக்ஃபைல் ஒத்துப்போகாவிட்டால் எரர் காட்டி நிற்குமே தவிர, ஃபைலில் ஒரு வரியைக்கூட மாற்றாது.

என் மெஷினில் இருந்தது நோட் 20, அதாவது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் 20-ஆம் வெர்ஷன். லாக்ஃபைல் பழைய என்பிஎம்மில் உருவானது என்று முதலில் ஒரு எச்சரிக்கை. அப்புறம் சாஸ் ஸ்டைல் ஃபைல்களை சிஎஸ்எஸ் ஆக்கும் நோட்-சாஸ் பேக்கேஜ் பைத்தானைத் தேட ஆரம்பித்து, பக்கம் பக்கமாக எரரைக் கொட்டியது. எந்த நோட் வேண்டும் என்று ப்ராஜெக்டில் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் லாக்ஃபைலிலேயே துப்பு இருந்தது. மேலே 'லாக்ஃபைல்வெர்ஷன்: 1' என்றால் அது என்பிஎம் 5 அல்லது 6 எழுதியது. உள்ளே நோட்-சாஸ் 4.14.1 இருந்தது. அதற்கு ரெடிமேட் பைனரி (முன்பே கம்பைல் செய்த ஃபைல்) கிடைப்பது நோட் 14 வரைதான்; அதற்கு மேல் போனால் நம் மெஷினிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். நோட் 14-உடன் வருவதும் என்பிஎம் 6 தான். சரி, நோட் வெர்ஷனை மாற்றித் தரும் என்விஎம் மூலம் 14-ஐப் போட்டதும் அந்த எரர் போய்விட்டது.

அடுத்து நின்ற இடம் நெட்வொர்க். லாக்ஃபைலில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் 'வெர்ஷன்', 'ரிசால்வ்ட்', 'இன்டெக்ரிட்டி' என்று வரிகள் இருக்கும். பேக்கேஜ் எங்கிருந்து இறங்கும் என்று சொல்லும் ரிசால்வ்ட் வரிகள் எல்லாம் பழைய டீமின் உள் ரெஜிஸ்ட்ரியை (பேக்கேஜ்களை வைத்திருக்கும் சர்வரை) காட்டின. அந்த சர்வர் இப்போது இல்லை. எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் (sed) கமாண்டால் முகவரியின் முன்பகுதியை மட்டும் என்பிஎம்மின் பொது ரெஜிஸ்ட்ரிக்கு மாற்றினேன். இதைத் தைரியமாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் இன்டெக்ரிட்டி வரி. அது இறங்கும் ஃபைலின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை. பெரும்பாலும் எஸ்ஹெச்ஏ-512, மிகப் பழைய சில பேக்கேஜ்களுக்கு எஸ்ஹெச்ஏ-1. எந்த சர்வரிலிருந்து வந்தாலும், உள்ளடக்கம் ஒரு பைட் மாறினால்கூட 'இஇன்டெக்ரிட்டி' எரரோடு இன்ஸ்டால் நின்றுவிடும். அதனால் முகவரியைத் தொட்டேன், ஹாஷைத் தொடவில்லை. எல்லாம் சரியாக இறங்கியபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது: அன்று அந்த டீம் எடுத்த அதே ஃபைல்கள்தான் இவை என்பதற்கு அந்த ஹாஷே சாட்சி.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பேக்கேஜ். அதன் முகவரி 'கிட்://' என்று தொடங்கியது. என்க்ரிப்ஷன் இல்லாத அந்த வழியை கிட்ஹப் 2022 மார்ச்சில் மூடிவிட்டது. கிட் கான்ஃபிக்கில் 'இன்ஸ்டெட்ஆஃப்' போட்டு அதை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பினேன். லாக்ஃபைலில் கமிட் ஹாஷ் (கிட்டில் சேமித்த ஒரு குறிப்பிட்ட நிலையின் அடையாளம்) இருந்ததால் அதே கமிட்தான் வந்தது.

பில்ட் முடிந்தபின் 'என்பிஎம் எல்எஸ்' ஓட்டிப் பார்த்தேன், விடுபட்டது எதுவும் இல்லை. கிட் டிஃப்பிலும் ரிசால்வ்ட் வரிகள் மட்டும்தான் மாறியிருந்தன.

அதை கமிட் செய்த கையோடு, என்விஎம் படிக்கும் .என்விஎம்ஆர்சி ஃபைலில் 14 என்று எழுதி வைத்தேன். பில்ட் சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' என்று இருந்ததை 'என்பிஎம் சிஐ' ஆக்கினேன். நோட் 14-க்கான சப்போர்ட் 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால் இதிலேயே தங்க முடியாது. நோட்-சாஸை எடுத்துவிட்டு சாஸ் பேக்கேஜுக்கு மாறுவதுதான் அடுத்த வேலை. அதற்குத் தனி ப்ராஞ்ச் போட்டாயிற்று.