டெரர்கைஸ்ட்: இரண்டு இறக்கைகளும் முடிந்தன

கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் இந்த மினியேச்சர் உருவப் பெட்டியில் உள்ள ஸ்ப்ரூக்களை (பாகங்கள் பிணைந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள்) கொண்டு செத்துப்போன ராட்சத வௌவாலான டெரர்கைஸ்ட்டையும் கட்டலாம், ஸோம்பி டிராகனையும் கட்டலாம். எதைக் கட்டினாலும் உழைப்பில் பாதி இறக்கைக்குத்தான் போகும். ஒட்டிவிட்டுத் தீட்ட உட்கார்ந்தால் விலாப்பக்கம் தூரிகை நுழையாது, இறக்கையின் உட்புறமும் எட்டாது. அதனால் உடல், இடது இறக்கை, வலது இறக்கை என்று மூன்றாகப் பிரித்து வைத்தே வேலை நடந்தது.

பிரித்துத் தீட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. பிளாஸ்டிக் சிமென்ட் சாதாரணப் பசை போல ஒட்டுவதில்லை. பாலிஸ்டைரினைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. நடுவில் பெயின்ட் இருந்தால் அது பெயின்டோடுதான் மல்லுக்கட்டும், மூட்டு பிறகு கையோடு வந்துவிடும். ஆகவே பிரைமர் எனும் அடிப்பூச்சுக்கு முன்பே தோள் மூட்டின் இரு முகங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டியாயிற்று. அதற்கும் முன்னால், ஒவ்வொரு தோளிலும் பின் வைஸில் (கையால் திருகித் துளைக்கும் சிறு கருவி) 1 மி.மீ. டிரில் போட்டு 5 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு துளைகள். ஒரே துளை என்றால் இறக்கை அதைச் சுற்றித் திரும்பும், இரண்டு இருந்தால் அசையாது. எதிர்ப்பக்கத் துளை சரியாக எங்கே வர வேண்டும் என்பதற்குக் கண் அளவு போதாது. முதல் துளைகளில் பேப்பர் கிளிப் கம்பித் துண்டைச் செருகி, நுனியில் ஈரப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, இறக்கையை அதன் இடத்தில் ஒருமுறை அழுத்தி எடுத்தால் புள்ளி பதிந்திருக்கும். அங்கே துளைக்க வேண்டியதுதான். அதே கம்பியைப் பிறகு ஒரு கார்க்கில் குத்தினால், சவ்வில் விரல் படாமல் தீட்டக் கைப்பிடியும் கிடைத்துவிடுகிறது.

மோல்ட் லைன் (அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் நிற்கும் மெல்லிய வரம்பு) எலும்புகளில் எளிது, கத்தியின் முதுகால் சுரண்டினால் போய்விடும். சவ்வில் உள்ள கிழிசல் ஓட்டைகளின் உள்விளிம்பில் இருப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அரம் நுழையாத இடம் அது. 600 எண் உப்புத்தாளைக் குச்சி போலச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தால் வரும். கிழிந்த ஓரம் தடித்துத் தெரிந்தால் உட்புறத்தில் மட்டும் சரிவாகச் சீவ வேண்டும். வெளிப்புறம் தொடாமல் இருந்தால் உருவம் கெடாது, ஓரம் மட்டும் நிஜத் தோல் போல மெலிந்து தெரியும்.

இடைவெளிகளை அடைக்க ஸ்ப்ரூத் துண்டுகளை பிளாஸ்டிக் சிமென்ட்டில் ஓர் இரவு ஊறவைத்த கூழ். கிரீன் ஸ்டஃப் என்ற எபாக்ஸி மாவு காய்ந்தபின் ரப்பர் போல இழுக்கும், சரியாகத் தேயாது. இந்தக் கூழோ அதே பிளாஸ்டிக் என்பதால் சுற்றுப்பரப்போடு ஒன்றாகத் தேய்ந்துவிடும். காயும்போது சுருங்கும் என்பதால் சற்று மேடாகவே வைக்க வேண்டும். ஆனால் மெல்லிய சவ்வில் ஒரேயடியாகத் தடவினால் கரைப்பான் ஊறி சவ்வே வளைந்துவிடும். மெல்லிய இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி.

பிரைமர், ரைத்போன் என்ற வெளிர் நிற ஸ்ப்ரே, 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், விட்டுவிட்டு. இதைவிடத் தள்ளி அடித்தால் பெயின்ட் காற்றிலேயே பாதி காய்ந்து மணல் மணலாக விழும். வழவழப்பான சவ்வில் அந்தச் சொரசொரப்பு போல அசிங்கமாகத் தெரிவது வேறெதுவும் இல்லை.

இனி சவ்வு. ரகார்த் ஃபிளெஷ் என்ற வெளிர் தோல் நிறமும் தண்ணீரும் சம அளவு கலந்து இரண்டு பூச்சு. அதன்மேல் வாஷை (பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த பெயின்ட்) அப்படியே ஊற்றினால் காபி டம்ளர் வைத்த மேசை போல வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். தேங்கிய நீரின் ஓரம் முதலில் காய்கிறது, நடுவில் உள்ள நிறமியும் அந்த ஓரத்துக்கே இழுபட்டுப் போகிறது. எனவே ரீக்லாந்து ஃபிளெஷ்ஷேட் வாஷ் ஒரு பங்குக்கு, நிறமில்லாத லாமியன் மீடியம் ஒரு பங்கு. இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள ஒரு பகுதியை முழுதாக முடித்து, தேங்கியதை ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிட்டே அடுத்த பகுதி. பாதி காய்ந்த இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது.

நிழலை ஆழமாக்குவது கிளேஸ், அதாவது அடிநிறம் தெரியும்படி பூசும் மிக நீர்த்த பெயின்ட். செம்பழுப்பான பக்மேன்ஸ் க்ளோ ஒரு பங்கு, மீடியமும் தண்ணீருமாக நான்கு பங்கு. பழைய செய்தித்தாளில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால், அடியில் உள்ள எழுத்தை வாசிக்க முடிய வேண்டும். தூரிகையை நனைத்ததும் துணியில் ஒற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வாஷ் கதைதான். கவனிக்க வேண்டியது இழுக்கும் திசை. இழுப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் நிறம் கூடுதலாக இறங்கும். சவ்வின் நடுவில் தொடங்கி எலும்பில் முடித்தால் எலும்போரம் கறுத்து, நடுப்பகுதி மெலிந்து வெளிச்சம் ஊடுருவுவது போலத் தெரியும். திருப்பி இழுத்தால் நடுவில் அழுக்குத் திட்டு. ஆறு சுற்று பிடித்தது. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகுதான் வித்தியாசமே கண்ணுக்குப் பட்டது. நான்காவதில் அலுத்து நிறுத்திவிட்டால் அத்தனையும் வீண்.

டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் விரலோரம் ஒரு சிவப்பு தெரியுமே, சவ்வின் உட்புறத்துக்கு வேண்டியது அந்தச் சிவப்புதான். அதற்கு ஸ்க்ரீமர் பிங்க் கிளேஸ், உட்புறம் மட்டும், இரண்டு சுற்று. ரத்த நாளங்களுக்கு அதே நிறத்தில் அடர் பழுப்பான ரைனாக்ஸ் ஹைட் கொஞ்சம் கலந்து, எலும்பில் பிறந்து கிளை பிரிந்து மெலிகிற கோடுகள். வரைந்ததோடு விட்டால் பேனாவால் கிறுக்கியது போல மேலேயே நிற்கும். மேலே ரகார்த் ஃபிளெஷ் ஒரு மெல்லிய கிளேஸ் போனதும் கோடுகள் தோலுக்கு அடியில் இறங்கிக்கொண்டன. இந்த மாமிசத்தில் வெளிச்சக் கோட்டுக்கு வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசியது போலாகும். உஷாப்டி போன் கலந்தால் அந்த மஞ்சள் சாயல் காப்பாற்றும். கிழிசல் ஓரங்களுக்கும் அதுவே, தூரிகையின் பக்கவாட்டால் ஒரு உரசல்.

மேட் வார்னிஷ் தூரிகையால்தான் பூசியது. ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் வெள்ளைப் படலமாகப் பூத்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இத்தனை கிளேஸுக்கு மேல் அந்த ஆபத்து வேண்டாம்.

பொருத்துவதற்கு சூப்பர் குளூ இல்லை. அதன் ஆவி பக்கத்தில் உள்ள பெயின்டில் வெண்மையாகப் படியும். டேப்பை உரித்து, ஐந்து நிமிட எபாக்ஸி பசையின் இரு பாகங்களையும் சம அளவு குழைத்து, கம்பியைச் செருகி, இறக்கை நுனிக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுத்தாயிற்று. இடது இறக்கை ஓர் இரவு இறுகிய பிறகே வலது. தோளில் மயிரிழை இடைவெளி இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறது. அங்கே மடிப்புத் தோல் செதுக்க வேண்டியிருப்பதால் கிரீன் ஸ்டஃப்தான் சரி. சவ்வுக்குக் கலந்த நிறம் வெட் பேலட்டில் (பெயின்ட் காயாமல் ஈரம் காக்கும் தட்டு) மூடிவைத்திருக்கிறது, தோளைச் சரிசெய்ய அது போதும். அடுத்து விலா எலும்புகள்.