படம் முடிந்த பிறகு அரை மணி நேரம்

படவிழா ஷெட்யூலைக் காட்டி "இதில் எதைப் பார்க்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் நாட்டின் பெயரையோ வாங்கிய விருதையோ சொல்வதில்லை. எந்தப் படத்துக்குப் பிறகு பேச்சு இருக்கிறதோ அதற்குப் போங்கள் என்பேன். படத்தை என்றைக்காவது வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதை எடுத்தவரும், பார்த்துக் கோபப்பட்டவரும், பார்த்து அழுதவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு நாள்தான்.

அப்படிப்பட்ட விழாக்கள் இந்த ஊரில் நிறையவே உண்டு, பலருக்கும் தெரிவதில்லை. டிசம்பரில் வரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா பெரியது. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003-லிருந்து நடத்துகிறது. உலகப் படங்கள் ஒரு பக்கம், தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டி ஒரு பக்கம், சினிமாக்காரர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசும் அமர்வுகள் இன்னொரு பக்கம். ஏப்ரல் வந்தால் நீலம் பண்பாட்டு மையத்தின் பி.கே. ரோஸி திரைப்பட விழா. மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி ரோஸி. ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். மிச்ச வாழ்க்கையைத் தமிழ்நாட்டில் வேறு பெயரில் வாழ்ந்து முடித்தார். அவர் நடித்த படமும் இன்று கிடைப்பதில்லை. அவர் பெயரில் இங்கே ஒரு விழா நடக்கிறது என்பதே எனக்கு மனசு நிறைந்த விஷயம். அப்புறம் ரீல் டிசையர்ஸ் என்ற குயர் (பால்புதுமையினர்) திரைப்பட விழா இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ரட்லண்ட் கேட் கதே இன்ஸ்டிட்யூட் என்ற ஜெர்மன் பண்பாட்டு மையத்திலும் காலேஜ் ரோடு அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மையத்திலும் அவ்வப்போது ஆவணப்படங்கள் போடுவார்கள்.

பேச்சு என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தூய்மைப் பணியாளர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம். சின்ன அரங்கம், பாதிதான் நிரம்பியிருந்தது. விளக்கு போட்டதும் வழக்கமான கேள்விகள்: என்ன கேமரா, பணம் யார் கொடுத்தார்கள், எத்தனை மாதம் எடுத்தீர்கள். கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். தானும் அதே வேலைதான் பார்ப்பதாகச் சொன்னார். "படத்துல அந்த அக்கா போட்டிருக்கிற கையுறை புத்தம் புதுசா இருக்கு தம்பி. எங்களுக்குக் குடுக்கிறது ரெண்டு நாள்ல கிழிஞ்சிடும், அப்புறம் வெறுங்கைதான். நீங்க வர்றீங்கன்னு அன்னிக்குக் குடுத்திருப்பாங்க."

இயக்குநர் சின்னப் பையன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, ஆமாம், அன்று காலையில் மேஸ்திரி ஒரு பையைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார், நாங்கள் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தோம், அதை எடுக்கத் தோன்றவில்லை என்றார். அதற்கப்புறம் கேமராவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாவிடம்தான் எல்லோரும் கேட்டார்கள். சம்பளம் எத்தனாம் தேதி வரும், மழை நாளில் எங்கே ஒதுங்குவார்கள், வேலைக்கு நடுவில் கழிவறைக்கு எங்கே போவார்கள் என்று. படத்தில் இல்லாத ஒரு பாகத்தை நாங்கள் அங்கே பார்த்தோம்.

அந்த அம்மாவால் அப்படிப் பேச முடிந்ததற்குக் காரணம், படமும் தமிழில் இருந்தது, பேச்சும் தமிழில் நடந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உலகப் படங்கள் நம் ஊருக்கு வரும்போது கீழே ஓடுவது ஆங்கில சப்டைட்டில். வேகமாக ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

என் சித்தி சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிறார். எட்டாவது வரை படித்தவர், வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். சினிமா என்றால் உயிர். 2019 சென்னை சர்வதேச விழாவின் தொடக்கப் படம் கொரியாவின் 'பாரசைட்'. ஆஸ்கர் வாங்கும் முன்பே நம் ஊரில் பார்த்துவிட்டோம். சித்திக்கு நான்தான் சப்டைட்டில். காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன், முன் வரிசையில் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மழை கொட்டி, பாதி தரைக்குக் கீழே இருக்கும் அந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் இடம் வந்ததும், சித்தி என் கையைப் பிடித்து "போதும், நீ சொல்ல வேணாம்" என்றார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது ஒரு கல்லூரிப் பையன் அந்த வெள்ளக் காட்சியைப் பற்றி நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தான். சித்தி தானாகவே அவனிடம் போய்ப் பேசினார். "அந்தப் பொண்ணு, தண்ணி பீறிட்டு வர்ற கக்கூஸை மூடிட்டு மேல உட்கார்ந்தாளே, அது நிஜம்பா. 2015-ல தண்ணி ஆத்துலேர்ந்து வாசல் வழியா வரும்னு நாங்க மணல் மூட்டை போட்டோம். முதல்ல வந்தது கக்கூஸ் வழியாத்தான்." மறுநாள் காலை அந்தப் பணக்கார வீட்டு அம்மா, மழை பெய்ததால் வானம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று போனில் சந்தோஷப்படுவதையும் சித்தி விடவில்லை. "போன் வேலை செய்ய ஆரம்பிச்சதும் எனக்கு வந்த முதல் போன் ஒரு கஸ்டமர். பிளவுஸ் ரெடியான்னு கேட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, அவங்க தெருவுல தண்ணி இல்ல." துணி, மெஷின் எல்லாம் போயிருந்தது.

அதே வெள்ளத்தால்தான் 2015-ஆம் ஆண்டுக்கான விழா தள்ளிப்போய் 2016 ஜனவரியில் நடந்தது. அந்த மழையை உடம்பில் வாங்கியவர்கள் ஊர் முழுக்க இருக்கிறோம். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் சித்திக்கு வந்த அந்த போன் கால் இல்லை. அதைக் கேட்டது இரண்டு பையன்களும் டீ மாஸ்டரும் நானும் மட்டும்தான்.

நேரம் கிடையாது என்பார்கள். எனக்கும் புரிகிறது, ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படத்துக்கு வாசலில் க்யூ நின்றுவிடும், அரங்க வாடகை சும்மா வராது. ஆனாலும் ஒரு சின்ன விழாவில், இயக்குநர் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் அடுத்த காட்சி என்று மைக்கை வாங்கியதைப் பார்த்து வயிறு எரிந்தது. வெளியூரிலிருந்து ரயிலேறி வந்தவர் அவர். திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள விழாவில் ஓப்பன் ஃபோரம் என்று தனியாகவே ஒன்று வைத்திருக்கிறார்கள். சினிமாவைப் பற்றியும் பேசலாம், விழாவையே குறை சொல்லியும் பேசலாம். அந்த மாதிரி ஒரு பந்தல், நாலு பெஞ்சு, ஒரு மைக் இங்கேயும் இருந்தால் சித்தி அங்கே போய்ப் பேசியிருப்பார். நாளுக்கு ஒரு படம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த நேரத்தைப் பேச்சுக்குக் கொடுங்கள் என்று நடத்துகிறவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

இன்னொன்றை நாமே செய்யலாம். நான் டிடிபி வேலை பார்ப்பவள். இந்த டிசம்பரில் உலகப் படங்களில் சிலவற்றுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு அடித்து, அரங்க வாசலில் கொடுக்கப் போகிறேன். ஏ4 தாளில் பாதி, பதினான்கு பாயிண்ட் எழுத்து. யார் யாருக்கு என்ன உறவு, கதை எந்த ஊரில் நடக்கிறது, அந்த ஊரில் அப்போது என்ன பிரச்சினை, கதையின் முதல் பாதி. இவ்வளவு கையில் இருந்தால் மிச்சத்தைக் கண்ணே பார்த்துக்கொள்ளும். அச்சுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு விழாக்களில் முன்கூட்டியே படம் பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும். ஷெட்யூல் கைக்கு வந்த பிறகு இருக்கும் நாட்கள் குறைவு, அதனால் எழுத விருப்பம் உள்ளவர்கள் இப்போதே சொல்லிவையுங்கள். முடிவை மட்டும் எழுதிவிட வேண்டாம், அதைப் படம் முடிந்த பிறகு பேசலாம்.