ஷூ மாட்டுவதும் பாடம்தான்

சிங்கப்பூரில் முழுநாள் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் வார நாள்களில் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்குத்தான் மூடுகின்றன. விழித்திருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால், சில பிள்ளைகள் அம்மா அப்பா முகத்தைவிட எங்கள் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். நான் தமிழ் ஆசிரியராக வேலை பார்ப்பது அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ள நிலையம். மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு லிஃப்டில் இறங்கினால் பள்ளி. ஆனால் தினமும் தாமதமாக வருகிறவர்கள் அவர்கள்தான். பஸ் பிடித்து வருகிறவர்கள் நேரத்தோடு வந்துவிடுவார்கள்.

வேலை வாசலிலேயே தொடங்கிவிடும். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்போம், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்போம், டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்போம். கை, கால், வாய்ப்புண் நோய் இங்கே எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். 2000ஆம் ஆண்டு அது மோசமாகப் பரவியபோது, அக்டோபர் மாதம் நாடு முழுவதும் பாலர் பள்ளிகளை மூடினார்கள். அதனால் இந்தச் சோதனையை யாரும் ஒப்புக்குச் செய்வதில்லை. பிள்ளைகளுக்கு இது பழகிப்போன விஷயம், பையைக்கூடக் கழற்றாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்துவிட்டால் பெற்றோருக்குத்தான் முகம் மாறும். யார் லீவு போடுவது என்ற பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிடும். “கொசுக்கடிதான் டீச்சர்” என்பார்கள். பெரும்பாலும் கொசுக்கடிதான். ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டியது என் வேலை.

காலைச் சாப்பாடு, பாட்டு, ஆங்கில ஆசிரியையோடு வட்டமாக உட்கார்ந்து பேசுவது எல்லாம் முடிந்ததும் தாய்மொழி நேரம். சீனப் பிள்ளைகள் லாவுஷியிடம் (சீன ஆசிரியர்) போவார்கள், மலாய்ப் பிள்ளைகள் சிக்குவிடம் (மலாய் ஆசிரியர்). என்னிடம் வருவது ஒரு சிறு கூட்டம். பலருக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான். இங்கே வசிக்கும் இந்தியர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடு, 2020இல் 27.5. அந்த எண் என் பாயில் வந்து உட்காருகிறது. கதை சொன்னால் கண் விரியக் கேட்பார்கள், கேள்வி கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும்.

உண்மையில் எனக்குத் தமிழ் அதிகம் நடப்பது அந்தப் பாட நேரத்தில் இல்லை, வெளியே விளையாடப் போவதற்கு முன் ஷூ அலமாரிப் பக்கத்தில்.

அட்டவணையில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ‘வெளிவிளையாட்டு’ என்று மட்டும்தான் இருக்கும். நான்கு வயதுப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்து வலது ஷூவை இடது காலில் திணித்துக்கொண்டிருந்தான். குதிகால் உள்ளே போகவில்லை. “ஆசிரியர், கான்னாட்!” (முடியவில்லை) என்று காலை என் மடியில் நீட்டினான். மாட்டிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். நான் கையைக் கட்டிக்கொண்டேன். “இந்த ஷூ எந்தக் காலுக்கு? அடுத்த கால்ல வச்சுப் பாரு.” வைத்துப் பார்த்தான். “இப்ப பின்னாடி பிடிச்சு இழு. இன்னும் கொஞ்சம். ம், ஒட்டு.” வெல்க்ரோவை ஒட்டினான், கோணலாக. பிய்த்து மறுபடி ஒட்டினான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, “ஒட்டிட்டேன்” என்றான். பாட நேரத்தில் எத்தனை படம் காட்டினாலும் அவன் வாயிலிருந்து முழுசாக வராத தமிழ் அது. அவனுக்கு அப்போது சொல்ல ஒரு சேதி இருந்தது, அவ்வளவுதான்.

இப்படிக் காத்திருப்பதற்கு விலை உண்டு. மூன்று வயது வகுப்பில் 12 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், கே1இல், அதாவது பாலர் பள்ளியின் ஐந்து வயது வகுப்பில், 20 பேருக்கு ஒருவர் என்பது விதி. ஒருவனுக்காக நான் குனிந்திருந்தால் மற்றவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உடன் வேலை செய்யும் ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சில நாள் எல்லாரும் ஷூ மாட்டி முடித்த நேரம் பார்த்து, சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றும் இடியும் விளையாட்டுத்திடலை மூடிவிடும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு மட்டும் யாருக்கும் உதவி தேவைப்படுவதில்லை!

மதியச் சாப்பாட்டில் சோறு, சூப், கீரை. கேரட்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. குளியல், பல் தேய்ப்பது, அப்புறம் மெத்தை. தட்டிக்கொடுத்தால் தூங்குகிறவர்கள், தட்டினால் விழித்துக்கொள்கிறவர்கள் என்று இரண்டு சாதி. தூங்கும் நேரம் எங்களுக்கு ஓய்வு என்று வெளியில் நினைக்கிறார்கள். மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் குறிப்பு எழுதுவதும், பெற்றோர் பார்க்கும் செயலியில் படம் ஏற்றுவதும் அப்போதுதான்.

அந்தப் படங்களால்தான் மாலையில் கேள்வி வரும். “நாள் முழுக்க மாவு பிசையுறாங்க, மண்ணு அள்ளுறாங்க. ஒர்க்‌ஷீட் எதுவும் இல்லையா டீச்சர்?” பாலர் பள்ளியின் கடைசி வகுப்பான கே2 பெற்றோருக்கு அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்று (முதலாம் வகுப்பு) என்ற பயம் வேறு. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் கல்வி அமைச்சு பாலர் கல்விக்கு 2003இல் கொண்டுவந்து 2012இலும் 2022இலும் புதுப்பித்த கட்டமைப்பே, பிள்ளைகள் விளையாட்டு வழியாகக் கற்கட்டும் என்றுதான் சொல்கிறது. வெல்க்ரோ இழுத்து, மாவு பிசைந்து பலப்படாத விரலில் பென்சிலைக் கொடுத்தால், எழுத்து வருவதற்கு முன்னால் அழுகைதான் வரும். ஒர்க்‌ஷீட் பெற்றோரின் மன நிம்மதிக்கு என்பது என் எண்ணம். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. நாளின் முக்கியமான பகுதி அது இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

“இன்னைக்கு என்ன படிச்ச?” என்று லிஃப்டில் கேட்டால் “பிளே” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் யார் உட்கார்ந்தது, ஷூவை யார் மாட்டியது என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன். சிலர் கேட்கிறார்கள். வேலை முடித்து ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடி வருகிற அம்மாவுக்கு, பையையும் பிள்ளையையும் வாங்கிக்கொண்டு போவதற்குத்தான் தெம்பு இருக்கும். அவரிடம் நான் எதுவும் சொல்வதில்லை. நாளைக்கு மாற்றுத்துணி வைக்க வேண்டும் என்று மட்டும் ஞாபகப்படுத்துவேன்.