பிரிட்டன் பவுண் ஏறினதும் ஓனர் சொல்லு மாறின கதை: 2022ல வெள்ளவத்தையில ஃப்ளாட் வாங்கினது

நாட்டுப் பொருளாதாரம் விழுந்தா வீட்டு விலையும் விழும் எண்டு காத்துக்கொண்டு இருக்கிறவைக்காக இதை எழுதுறன், நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

2022 பெப்ரவரியில, இலங்கைப் பொருளாதாரம் விழத் தொடங்கின நேரம், கொழும்பு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் ரெண்டு ரூம் ஃப்ளாட் ஒண்டு 2 கோடி 40 லட்சத்துக்குப் பேசி, 10 லட்சம் அட்வான்ஸும் குடுத்தாச்சு. ஓனர் லண்டன்ல. பேங்க்ல 1 கோடி 20 லட்சம் லோன், 15 வருசம், 10 வீதம், மாசம் 1 லட்சத்து 29 ஆயிரம் கட்டினாக் காணும் எண்டிச்சினம்.

மார்ச்ல மத்திய வங்கி ரூபாயின்ர விலையைப் பிடிச்சு வைச்சிருந்ததை விட்டிட்டுது, ரூபாய் விழுந்துது. ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி வட்டியை ஒரே அடியா 7 வீதப் புள்ளி கூட்டினது. மே மாசம் பேங்க் லெட்டர் வரேக்க 24 வீதம், அதே லோனுக்கு மாசம் 2 லட்சத்து 47 ஆயிரம். மனிசி லெட்டரை ரெண்டு தரம் வாசிச்சிட்டு ஒண்டும் சொல்லாமக் குசினிக்குப் போயிட்டா.

ஓனருக்கு வேற கணக்கு. ஒரு பவுண் 270 ரூபாய் சொச்சம் இருக்கேக்க அந்த 2 கோடி 40 லட்சம் 88 ஆயிரம் பவுண், 450 ரூபாய் ஆனதும் வெறும் 53 ஆயிரம். "தம்பி, அட்வான்ஸைத் திருப்பித் தாறன், இல்லாட்டி 3 கோடி 20" எண்டார். என்ர பிழை, கையில இருந்தது புரோக்கர் எழுதின ரிசீட் மட்டும்தான். நொத்தாரிஸ் (உறுதி எழுதுற சட்டத்தரணி) முன்னால எழுதாத காணி, வீட்டு அக்ரிமெண்ட் சட்டத்துக்கு முன்னால நிக்காது, அது எனக்கு அப்பத்தான் தெரியும்.

காப்பாத்தினதும் அதே ரூபாய் விழுந்ததுதான். கனடாவில அண்ணா தாறதாச் சொன்ன காசு கனடா டொலர்ல, ஒரு டொலர் 160 ரூபாயில இருந்து 280 ரூபாய்க்குப் போயிட்டுது, அதால லோனை நல்லாக் குறைச்சு, மிதக்கிற வட்டியில (சந்தையோட ஏறி இறங்கிற வட்டி) எடுத்தன் (ஃபிக்ஸ் பண்ணச் சொல்லி ஒருத்தர் நிண்டவர், நல்ல காலம் கேக்கேல்லை, பிறகு வட்டி இறங்கினது). இழுபறிப்பட்டு 2 கோடி 75ல முடிஞ்சுது.

ஒண்டு சொல்லோணும், ஃப்ளாட் பாக்கப் போறதெண்டா கரண்ட் இல்லாத நேரம் போங்கோ. நாங்கள் ஃபோன் டோர்ச்சோட நாலாம் மாடி ஏறினம், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, மோட்டர் ஓடாததால பைப்பைத் திறந்தா காத்துத்தான் வருது, பல்கனிக் கிறில்ல கை வைச்சா உப்புத் துரு உதிருது. அதை வைச்சே 5 லட்சம் குறைச்சனான்.

ஜூலையில உறுதி எழுத நாள் வைச்சா பெற்றோல் இல்லை, நொத்தாரிஸின்ர கிளாக்கால காணிப் பதிவகத்துக்குப் போகேலாது, சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள புகுந்த 9ஆம் தேதிக்குப் பிறகு எல்லாம் நிண்டுபோச்சு. ஓனருக்குப் பதிலா இங்க ஒராள் கையெழுத்து வைக்க லண்டன்ல இருந்து அற்றோர்னி பத்திரமும் வரோணும். ஆகஸ்ட்லதான் கையெழுத்து. வீடு கைமாறேக்க அரசாங்கத்துக்குக் கட்டுற முத்திரைத் தீர்வை மட்டும் கிட்டத்தட்ட 11 லட்சம், அதை ஆரும் முதலே கணக்குப் பாக்கிறேல்லை.

போன கிழமை மேல் மாடி ஃப்ளாட் விலைக்கு வந்திருக்கு எண்டு புரோக்கர் சொன்னார். ஓனர் மெல்பேர்ன்லயாம், விலையை ஒஸ்ரேலியன் டொலர்லதான் சொல்லுறாராம்.