அக்காவை அங்கே அழைத்துப் போனவன் நான்

2024 ஜூன் 3, திங்கள்

அக்கா திரும்பி வந்துவிட்டாள். ஏழு வருட ஆசிரம வாழ்க்கை இரண்டு பைகளில் அடங்கிவிட்டது. நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் படுத்த பிறகு அவளே பேசினாள். தான் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். நூறு பேர் நடுவில் நிற்க வைத்து, “பணம் மாயை. அதை நினைத்து வலிக்கிறதே, அந்த வலியும் மாயை” என்றாராம் அந்த ஆசிரமத்துச் சாமியார்.

“மாயைதானே, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லையா?” என்றேன்.

“தோணிச்சு. அப்படித் தோணினதே என் அகங்காரம்னு நெனச்சு அன்னிக்கு முழுக்க அழுதேன்டா.”

இதை இங்கே எழுதியாக வேண்டும். அத்தான் இறந்த வருடம் அக்காவை முதன்முதலில் அங்கே அழைத்துப் போனவன் நான். அவர் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மூன்று மாதத்தில் எனக்குச் சலித்துவிட்டது, போவதை நிறுத்திக்கொண்டேன். அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

2024 ஜூன் 5, புதன்

“குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடி” என்ற திருமூலர் வரி காலையிலிருந்து மனதில் ஓடுகிறது. பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்த திருமந்திரப் பாட்டு. குருட்டை நீக்கும் குருவைக் கொள்ளமாட்டார்கள், நீக்காத குருவைக் கொள்வார்கள், இரண்டு பேரும் குழியில் விழுவார்கள். இத்தனை நாளும் அது போலிச் சாமியாரைத் திட்டும் பாட்டு என்றே நினைத்திருந்தேன். இன்று பார்த்தால் திட்டு விழுவது அப்படிப்பட்டவரைத் தேடிப் போகிறவர்கள் மேல்.

என்னைப் பற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அக்காவைப் பற்றி என்றால் மனம் ஒப்பவில்லை. வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் பழியை வேறு இடத்தில் வைக்கிறார். தவக்கோலத்துக்குள் ஒளிந்து தீமை செய்கிறவன், புதருக்குள் ஒளிந்து பறவை பிடிக்கும் வேடனைப் போன்றவன் என்கிறார். பறவையை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெஞ்சில் துறக்காமல் துறந்தவர்போல் ஏமாற்றி வாழ்கிறவரைவிடக் கல்நெஞ்சர் இல்லை என்றும் அதே அதிகாரத்தில் சொல்கிறார்.

2024 ஜூன் 9, ஞாயிறு

இரண்டு நாளாக மாயை பற்றித்தான் வாசிப்பு. கோபத்தில்தான் ஆரம்பித்தேன். அக்காவின் வாயை அடைத்த அந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கயிற்றைப் பாம்பென்று மயங்கும் உதாரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சங்கர வேதாந்தம் அதோடு நிற்பதில்லை. கயிற்றில் தெரிந்த பாம்பு ஒரு நிலை, நாம் கொடுத்து வாங்கி வாழும் இந்த உலகம் இன்னொரு நிலை. இரண்டாவதற்கு வியாவகாரிகம் என்று பெயர். பிரம்ம ஞானம் வரும்வரை அங்கே கடன் கடன்தான், பொய் பொய்தான். தர்மமும் அதர்மமும் அங்கே அப்படியே நிற்கின்றன. பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையில் சங்கரர் சொல்லும் ஓர் உதாரணம் என்னை உலுக்கிவிட்டது. விஷம் ஏறிவிட்டது என்ற சந்தேகத்தாலேயே மனிதன் சாவதுண்டு என்கிறார். விஷம் பொய், சாவு நடந்துவிட்டது. பொய்யிலிருந்தும் நிஜமான விளைவு வரும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன மரபை எடுத்துக்கொண்டு, “உன் வலி மாயை” என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அது அறியாமை அல்ல, வேண்டுமென்றே செய்கிற காரியம். அந்த மாயை அவருடைய கணக்குப் புத்தகத்தை மட்டும் தொடுவதே இல்லை!

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே மாயை பொய்த்தோற்றமே அல்ல, உள்பொருள். உடம்பு, மனம், உலகம் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. இருட்டு என்பது ஆணவம், உயிரின் அறிவை மறைக்கும் மலம். விடியும் வரைக்கும் கையில் இருக்கும் விளக்குதான் மாயை என்று திருவருட்பயனில் உமாபதி சிவம் சொல்கிறார். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குக் கணக்குக் கேட்கத் தோன்றியதே, அந்த மனம்தான் அவள் கையில் இருந்த விளக்கு. அதைத்தான் அவர் ஊதி அணைத்தார். அணைத்துவிட்டு, அதற்கு ஞானம் என்று பெயர் வைத்தார்.

முண்டக உபநிடதம் குருவுக்கு இரண்டு தகுதி கேட்கிறது. வேதம் கற்றிருக்க வேண்டும், பிரம்மத்தில் நிலைத்திருக்க வேண்டும். முதலாவதைக் கேள்வி கேட்டுச் சோதிக்கலாம். இரண்டாவதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அந்த மறைவில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

2024 ஜூன் 14, வெள்ளி

வக்கீலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்கிறாள். 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் ஒரு சாமியாருக்கு ஆயுள் தண்டனை விதித்ததையும், ஆசிரமத்துப் பெண்கள் வாய் திறந்ததால்தான் அது நடந்தது என்பதையும் சொன்னேன். “அந்தப் பொண்ணுங்களுக்கு எவ்வளவு தைரியம்” என்றாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவளை ஒரு முறை இழுத்துக்கொண்டு போனது போதும்.

2024 ஜூன் 22, சனி, பௌர்ணமி

அங்கே பௌர்ணமிதோறும் பூசை நடக்கும். காலையிலிருந்தே அவள் நிலைகொள்ளாமல் இருந்தாள்.

மாலையில் கேட்டாள்: “அவர் குடுத்த மந்திரத்தை விட்டுடட்டுமா?”

‘நமசிவாய’ என்ற ஐந்தெழுத்துதான் அது. “அவர் எங்கே கொடுத்தார் அக்கா? அப்பர் பாடி ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகிறது. அம்மா தினமும் விளக்கேற்றும்போது பாடியதுதானே? உனக்கு அதை அம்மா எப்போதோ கொடுத்தாயிற்று” என்றேன். சரியான பதிலைச் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன்.

“தெரியும்டா. ஆனா கண்ணை மூடினா அவர் குரல்லதான் கேக்குது.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் எழுந்து போய் விளக்கை ஏற்றினாள். கண்ணை மூடவில்லை. சுடரைப் பார்த்தபடி, அம்மா பாடும் ராகத்தில் அப்பரின் ‘சொற்றுணை வேதியன்’ என்று ஆரம்பித்தாள். இரண்டு அடி வந்தது. மூன்றாவதில் குரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து முதலிலிருந்து தொடங்கினாள்.