தெளிவான ஓம்

கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தில் எட்டு வருடமாக மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். முதல் மூன்று வருடமும் ஒவ்வொரு புதிய மாணவர் பச்சுக்கும் குடி பற்றி ஒரே விரிவுரைதான் கொடுத்தேன். ஈரல் படம், விபத்துப் படம், கடைசியில் பெண்பிள்ளைகளுக்கென்று ஐந்து அறிவுரை: தனியே போகாதே, கிளாஸை வைத்துவிட்டு எழும்பாதே என்று போகும்.

ஒருநாள் ப்ரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி வந்து நின்றாள். "மிஸ், எங்களுக்கு அஞ்சு சொன்னீங்கள். பெடியளுக்கு ஒண்டும் இல்லையா?"

கோபமாகக் கேட்கவில்லை. அன்றிரவு அந்த ஐந்தையும் திரும்ப வாசித்தேன். ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்து, அவள் அதில் ஒன்றைத் தவறவிட்டிருந்தால், என்னிடம் வரவே மாட்டாள். அவள் வாயை நானே அடைத்து வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் அந்த விரிவுரை வேலையை மாணவர்களிடமே கொடுத்தேன். பெடியள் ஆறு பேர், பெட்டையள் ஆறு பேர். நிர்வாகம் லேசில் விடவில்லை. பார்ட்டி எங்கள் வளவுக்குள் நடப்பதில்லை, பெயர் கெடும் என்றார்கள். நாலு மாதம் இழுபட்டது.

முதல் கூட்டமே, உடலுறவுக்குக் கேட்கவேண்டிய 'சம்மதம்' என்ற சொல்லில் தட்டி நின்றது. சம்மதம் என்றால் பெண்பார்க்க வந்தவர்களுக்கு அப்பா சொல்வது என்று சிரித்தார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்: "ஓம் எண்டே வைப்பம். தெளிவான ஓம்." குடிவெறி தெளிவதும் தெளிவுதானே! அந்தச் சொல்லுக்குள் எல்லாம் வந்துவிட்டது. வெறியில் சொல்லும் ஓம் ஓம் இல்லை. ஒரு பெண்ணுக்கு யாரோ குடிக்கக் கொடுத்து, அந்த வெறியில் அவளிடம் வாங்கிய சம்மதத்தைத் தண்டனைச் சட்டக்கோவையில் பாலியல் வல்லுறவு பற்றிய 363ஆம் பிரிவும் சம்மதமாக எடுப்பதில்லை. இதைச் சொன்னபோது அறை அமைதியாகியது.

ஈரல் படத்தைத் தூக்கிவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரும் அளவுக் குவளையும் கொண்டுவந்தார்கள். "ஒரு ஷொட் ஊத்து" என்றதும் ஒருவன் நம்பிக்கையோடு ஊற்றினான். அளந்தால் 70 மில்லிலீட்டர். 33.5 சதவீதச் சாராயத்தில் 30 மில்லிலீட்டரையே உடம்பு கரைக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். தேசிக்காயும் கோப்பியும் அதை விரைவாக்காது. 8.8 சதவீத பியர் 500 மில்லிலீட்டர் கேன் என்றால் அப்படி நாலு 30 மில்லிலீட்டருக்கும் மேல். ஊற்றியவன் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான் யோசித்தே இராத ஒன்றையும் அவர்கள்தான் சொன்னார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக்கூடாது. முதலாம் வருடத்தில் முக்கால்வாசிப் பேருக்கு 19, 20. அதனால் வாங்கிக் கொடுப்பது சீனியர். வாங்கிக் கொடுத்தவர் 'குடி' என்றால் மறுப்பது கஷ்டம். 'வா, கொண்டுபோய் விடுறன்' என்றால் மறுப்பது இன்னும் கஷ்டம். சிக்கல் குடியில் மட்டும் இல்லை, யார் கையில் போத்தல் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

அப்புறம் அவர்களே ஒரு சிறிய அட்டை அடித்தார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ அரச வைத்தியசாலைகளில் இருக்கும் நட்பு நிலையம், 72 மணித்தியாலத்துக்குள் போனால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கலாம் என்ற ஒரு வரி. அறிவுரை ஒன்றும் இல்லை.

போன வருட பச் பார்ட்டியில், அந்தக் குழுவிலிருந்த இரண்டாம் வருடப் பெடியன் ஒருவன், வெறியில் நடக்கவே முடியாத ஒரு பிள்ளையை ஒரு சீனியர் ஓட்டோவில் ஏற்றப்போவதைக் கண்டிருக்கிறான். சண்டைக்குப் போகவில்லை. "அண்ணா, சேர் உங்களை உள்ள தேடுறார்" என்றிருக்கிறான். சீனியர் உள்ளே போன அந்த இரண்டு நிமிடத்தில் குழுவின் பெட்டையள் இருவர் அவளைத் தங்கள் வெள்ளவத்தை போடிங்குக்குக் கூட்டிப்போய், விடியும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அவன் வந்து, "பொய் சொல்லிட்டன் மிஸ்" என்றான். இப்போது புதிய பச்சுக்கு அந்தப் பொய்யை அவன்தான் நடித்துக் காட்டுகிறான்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளையும் தானாகவே என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு ஒரு மணித்தியாலம் பேசினாள்.